பழைய வீட்டுச் செங்கல்: இடிப்பதா, பிரிப்பதா?

கேள்வி: 10 பிப்ரவரி 2024

தாத்தா 1958 வாக்கில் கட்டிய வீடு. கும்பகோணம் பக்கம் கிராமம். முன்கட்டு மச்சு, பின்கட்டு ஓடு. ஒழுகுகிறது, சுவர் ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டது, இனித் தாங்காது. ஜேசிபிக்காரர் "இடிகூலி வேண்டாம், கதவு, ஜன்னல், விட்டம் எல்லாம் நான் எடுத்துக்கிறேன், இடத்தைச் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்கிறார். பழைய கல்லில் கட்டினால் வீடு நிற்காது, புதுக்கல் இறக்குங்கள் என்று கொத்தனார் சொல்கிறார். பழைய கல் உண்மையிலேயே உதவாதா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

10 பிப்ரவரி 2024, இரவு

செய்து பார்த்திருக்கிறேன். ஜேசிபிக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். முன்பணம் கைமாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

11 பிப்ரவரி 2024

எங்கள் வீடு அணைக்கரைக்கு இந்தப் பக்கம். 2022 தை மாதம் பிரித்தோம். நான் பதினெட்டு வருடமாகச் சின்னச் சின்ன கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். அடுத்தவர் வீடுகளை எத்தனையோ தடவை ஜேசிபி வைத்துத் தள்ளியிருக்கிறேன், அப்போதெல்லாம் இரண்டாவது யோசனை வந்ததில்லை. அப்பா பிறந்த வீடு என்று வந்தபோதுதான் கை நின்றது.

இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. ஓட்டைப் பிரிக்கிறோம், பந்தலைப் பிரிக்கிறோம் என்று சொல்கிற அதே பிரிப்புதான். மேலிருந்து கீழே, கட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். முதலில் ஓடு, அப்புறம் ரீப்பர், கைமரம், விட்டம். கதவு ஜன்னலை நிலையோடு எடுத்துவிட்டு, கடைசியில் சுவரை வரிசை வரிசையாக இறக்க வேண்டும். ஜேசிபி ஒரு நாளில் முடித்துவிடும், உண்மைதான். ஆனால் அதன் கை பட்ட சுவரில் செங்கல், சுண்ணாம்பு, மண், ஓட்டுச் சில்லு, ஒயர் எல்லாம் ஒன்றாகக் கலந்து ரப்பீஸ் ஆகிவிடும். கலந்த பிறகு அதைப் பிரிக்க யாராலும் முடியாது. கலக்காத வரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு சரக்கு.

இடிகூலி வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் உங்கள் வீட்டு மரம் எவ்வளவு பெறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது அவருடைய தொழில். நீங்களும் தெரிந்துகொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீடு 1958 என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைக் கட்டு. அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சுண்ணாம்புக் காரை கல்லை விட்டுக் கழன்று வரும். பழைய அரிவாளின் முதுகால் இரண்டு தட்டு, ஒரு சுரண்டு, கல் சுத்தம். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவராக இருந்தால் கலவை கல்லைவிடக் கெட்டியாக நிற்கும், தட்டினால் கல்தான் உடையும். எங்கள் வீட்டில் பின்னாளில் சேர்த்த குளியலறை மட்டும் சிமெண்டுக் கட்டு. அதில் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து 80 கல்தான் தேற்ற முடிந்தது. சுண்ணாம்புச் சுவரில் அதே ஆள் 450 கல் எடுத்தார்.

நாலு சித்தாள், பதினோரு நாள். முழுக்கல்லாகக் கைக்கு வந்தது 19,000 சொச்சம்.

13 பிப்ரவரி 2024

கொத்தனார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எல்லாப் பழைய கல்லும் ஆகாது. கல்லைப் பார்த்து, தட்டி, எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள். வெண்கலப் பாத்திரம் மாதிரி ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் தள்ளி வையுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போடுங்கள், உடையக் கூடாது. நகத்தால் கீறினால் தூள் வரக் கூடாது. இதெல்லாம் எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான்.

பலர் விட்டுவிடுவது தண்ணீர்ச் சோதனை. நான் பக்கத்து மளிகைக் கடைத் தராசைக் கடன் வாங்கி, பத்துப் பத்துக் கல்லாக எடுத்துச் செய்தேன். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கப் போட்டு, எடுத்து ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை. ஏறிய எடை, காய்ந்த எடையில் நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. சாதாரணக் கட்டடச் செங்கல்லுக்கு இந்தியத் தர அளவு அதுதான். மேல் சுவர்க் கல் ஒன்று காய்ந்தபோது 2,400 கிராம், ஊறிய பிறகு 2,780. அதாவது 16-க்குள். தேறிவிட்டது. அடிச்சுவரிலிருந்து, தரைக்கு மேல் மூன்றாவது வரிசையில் எடுத்த கல் 2,300-இலிருந்து 2,850-க்குப் போனது. கிட்டத்தட்ட 24. பார்வைக்கு இரண்டும் ஒரே சூளைக் கல்தான், ஒரே சிவப்பு. அறுபது வருடம் தரை ஈரத்தைக் குடித்தது ஒன்று, கூரை நிழலில் காய்ந்து நின்றது ஒன்று.

கல் சுத்தம் பண்ணிய அக்கா ஒருவர் தராசைப் பார்த்துவிட்டு, "ரேஷன் கடையில கூட இப்படி நிறுத்துப் போட மாட்டாங்க தம்பி" என்று சிரித்தார்.

13 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். ‘மூன்றாவது வரிசை’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு அடிக்கல்லை மட்டும் கழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் உள்ள கல்லைத் தனிக் குவியலாகப் போடுங்கள். உப்பு அவ்வளவு தூரம் ஏறியிருக்கும். சுவரில் வெள்ளை பூத்து, பூச்சு உதிர்ந்திருக்கிறதே, அந்த உயரம்தான் கணக்கு. அதற்கு மேலும் ஒரு முழம் சேர்த்துக் கழியுங்கள்.

18 பிப்ரவரி 2024

மரம்.

விட்டத்தின் நடுப்பாகத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனையையும் பாருங்கள். கறையானும் உளுப்பும் அங்கேதான் தொடங்கும். எங்கள் ஆறு விட்டத்தில் இரண்டுக்கு முனையில் ஒன்றரை அடி போய்விட்டது. அதை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை அறுத்தோம். உள்ளே தேக்கு அப்படியே எண்ணெய் வாசனையோடு இருந்தது.

மரவாடிக்குக் கொண்டுபோகும் முன் ஆணியெல்லாம் பிடுங்க வேண்டும். வெளியே தெரிகிற ஆணி இல்லை, உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி. ரம்பப் பட்டை ஒரு ஆணியில் பட்டால் போச்சு, அதனால்தான் பழைய மரம் என்றாலே அறுக்க மாட்டேன் என்கிறார்கள். நான் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேல் விரல் அகல இடைவெளியில் ஓட்டிக் காட்டினேன். காந்தம் சாய்கிற இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டோம். ஒரே விட்டத்தில் பதினேழு வட்டம். பிடுங்கிக் கொடுத்த பிறகு மரவாடிக்காரர் அறுத்துக் கொடுத்தார்.

கதவுக்கு உப்புத்தாள் போட்டுப் பழைய பெயிண்ட்டை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு வார்னிஷ் அடித்தால் போதும்.

19 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதன் கடைசி வரியைச் செய்யாதீர்கள். இரவு படுத்த பிறகு நினைவு வந்து திரும்ப எழுதுகிறேன். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு 2017-இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 1958-இல் அடித்த பச்சைப் பெயிண்ட்டை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் முழுக்கக் காற்றில் பறக்கும். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் இன்னும் மோசம், ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்.

நான் தேய்த்தபோது இது எனக்குத் தெரியாது. மூக்கில் துண்டு கட்டியிருந்தேன், அவ்வளவுதான். அப்போது என் மகளுக்கு மூன்று வயது, திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தாள். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் செய்வதென்றால் வீட்டை விட்டுத் தள்ளி வைத்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, சுரண்டலை மூட்டையாகக் கட்டுங்கள். குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டவே வேண்டாம், மேலேயே புதுப் பூச்சு அடித்துவிடலாம்.

இதே மாதிரி இன்னொன்று, மாட்டுக் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால். அதை உடைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். உடைந்தால் வெளிவருகிற நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சில்லை ரப்பீஸோடு கலந்து தரை நிரப்பவே கூடாது.

2 மார்ச் 2024

பழைய கம்பி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எடைக்குப் போடுங்கள். நிமிர்த்தித் திரும்பக் கட்டாதீர்கள். இடித்த கட்டடத்திலிருந்து உருவி, சம்மட்டியால் நிமிர்த்தி, பாதி விலைக்கு விற்கிறார்கள். வளைத்து நிமிர்த்திய இடத்தில் இரும்பு களைத்துப்போயிருக்கும், துரு தின்ற இடத்தில் மெலிந்திருக்கும். எந்த இடம் என்று கண்ணால் சொல்ல முடியாது. உலைக்குப் போய் உருகிப் புதுக் கம்பியாக வரட்டும். இரும்பு எத்தனை தடவை உருக்கினாலும் இரும்புதான், அதற்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது.

9 மார்ச் 2024

முன்கட்டு மச்சு என்றீர்கள். மெட்ராஸ் டெரஸா, இல்லை பின்னாளில் போட்ட கான்கிரீட்டா? டெரஸாக இருந்தால் தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்ன தட்டுக்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் காரை, அதற்கும் மேல் தட்டோடு. பிரிக்கும்போது மேலே ஏறி நிற்கிறவர் கட்டைகளின் மேல் பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். கல் மேல் கால் வைத்தால் ஆள் உள்ளே போய்விடுவார். இதில் அவசரம் காட்டாதீர்கள், கூலி இரண்டு நாள் கூடுதலாகப் போனாலும் சரி.

உடைந்த செங்கல்லைத் தூக்கி எறிய வேண்டாம். முக்கால் அங்குல அளவில் உடைத்துப் புது மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியாகப் போடலாம். பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. பரப்பிய பிறகு மரக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டினால் சுண்ணாம்புப் பால் மேலே ஏறி ஜல்லி இறுகும். எங்கள் மாடியில் ஏழு பெண்கள் மூன்று நாள் தட்டினார்கள். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. முதல் நாள் ‘சொத சொத’ என்றிருந்த ஒலி மூன்றாம் நாள் ‘டக் டக்’ என்று மாறிவிட்டது. கட்டை துள்ளித் திரும்பினால் போதும் என்று மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். கீழே அறையில் சித்திரை வெயிலிலும் மத்தியானம் படுக்க முடிகிறது.

செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்ப்பதுதான் சுர்க்கி. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்புச் சுர்க்கியில்தான் நிற்கிறது. உடைந்த செங்கல் கழிவு என்ற நினைப்பே நமக்குச் சிமெண்ட் மூட்டை வந்த பிறகு வந்ததுதான்.

விரிசல் விட்ட சீமை ஓட்டுக்கும் ஒரு வேலை உண்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது, அங்கே இருக்கிற கான்கிரீட் பாரத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய ஓட்டை ஜோடி ஜோடியாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் மிச்சம், தளத்தின் எடை குறைவு, ஓட்டுக்குள் நிற்கிற காற்று வெப்பத்தையும் தடுக்கும். என் முன் போர்டிகோ அப்படித்தான். வடிவமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் இதைச் செய்யக் கூடாது. ஓட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போடாவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும்.

10 மார்ச் 2024

நேற்றைய கேள்விக்குப் பதில் சொல்லாமலே வேறு எங்கோ போய்விட்டேன். கான்கிரீட் தளத்தை உடைத்து ஜல்லியாக்கிப் புதுக் கான்கிரீட்டில் போடலாமா?

போடலாம், அளவு உண்டு. 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383, அதாவது ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர அளவு, இதை அனுமதிக்கிறது. சுத்தமான கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லி என்றால் கம்பி இல்லாத கான்கிரீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரை, கம்பிக் கான்கிரீட்டில் எம்-25 என்கிற வலுத் தரம் வரைக்கும் 20 பங்கு, அஸ்திவாரத்தின் அடியில் போடுகிற மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவே. செங்கல்லும் பூச்சும் கலந்த ஜல்லி என்றால் அந்த மெலிந்த கான்கிரீட்டுக்கு மட்டும்தான். பழைய ஜல்லியில் பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அது தண்ணீரை உறிஞ்சும். முன்கூட்டி நனைக்காவிட்டால் கலவை கையிலேயே இறுகும். ஜிப்சம் பூச்சு ஒரு துண்டுகூட அதில் வரக் கூடாது, அதிலுள்ள சல்ஃபேட் சிமெண்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும்.

ஆனால் கிராமத்தில் யார் உடைத்துச் சலித்துத் தருவார்கள்? அதற்கு ஆலை வேண்டும். தில்லி புராரியில் 2009-இலேயே தொடங்கிவிட்டார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கிறது. நம் பக்கம் சிறு நகரங்களில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டில் கான்கிரீட் கொஞ்சம்தான் இருக்கும் என்றால் தரைக்கு அடியில் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். மரச் சில்லு ஒன்றுகூட அதில் போகக் கூடாது. போனால் கறையானுக்கு நாமே வழி காட்டியது போல.

இன்னொரு கணக்கு. ஒரு கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ கழிவு வரும் என்பது நாட்டில் புழங்கும் பழைய மதிப்பீடு. நம் பக்கத்து ஒன்றரை அடிச் சுவர் வீடுகளில் அதைவிட நிறையவே வரும், நானே ஏற்றி அனுப்பியதை வைத்துச் சொல்கிறேன்.

16 மார்ச் 2024

ஏற்றி அனுப்பியது என்று எழுதிய பிறகு ஒரு வாரமாக அதே நினைவு.

எங்கள் வீட்டில் எல்லாம் பிரித்த பிறகும் நாலு டிப்பர் ரப்பீஸ் மிஞ்சியது. பள்ளமான மனை ஒன்றை நிரப்பக் கேட்கிறார்கள் என்று டிரைவர் சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துச் சைக்கிளில் போகும்போது பார்க்கிறேன், எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர். அடுப்பு மேடைக்கு மேல் அம்மா அடித்த நீலச் சுண்ணாம்பு, அதில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கை அடையாளம். வாய்க்கால் கரையில் கிடந்தது. பாதி உள்ளே சரிந்து தண்ணீர் போகிற வழியை அடைத்திருந்தது. அந்த வாய்க்கால் கீழே நாற்பது ஏக்கருக்குப் பாய்கிறது.

டிரைவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? எங்கே கொட்டுகிறாய் என்று ஒரு தடவை கூடவே போய்ப் பார்க்காதது நான். மூன்று நாள் ஆள் வைத்து அள்ளினோம். அதற்கு ஆன செலவு, முறையாக ஒரு இடம் பார்த்துக் கொட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல மூன்று பங்கு.

2016-இல் மத்திய அரசு கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. ஒரே நாளில் 20 டன் அல்லது ஒரு வேலைக்கு மாதம் 300 டன் கழிவு உண்டாக்குகிறவர் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என நாலாகப் பிரித்து வைக்க வேண்டும் என்றன அந்த விதிகள். பொதுவாக எவருமே தெருவிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் உங்கள் வீடே 20 டன்னைத் தாண்டிவிடும்.

டிப்பரோடு கூடவே போங்கள். முதல் லோடில் மட்டும் இல்லை, கடைசி லோடிலும்.

24 மார்ச் 2024

பழைய கல்லைத் திரும்ப எடுப்பது எப்போதும் நல்லதுதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரனாக இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1836-இல் எங்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அதற்குக் கருங்கல் வேண்டும். பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். கோயிலின் சுற்று மதிலைப் பிரித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். இன்றைக்குக் கோயிலைச் சுற்றி நடந்தால் மதில் இருந்த இடத்தில் அடிமட்டத்தைத்தான் பார்க்க முடியும். சற்றுத் தள்ளி மாளிகைமேட்டில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். அங்கே செங்கல்லைச் சுற்று வட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அணை இன்னமும் தண்ணீர் கொடுக்கிறது, நானும் அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். இருந்தாலும் அந்த மதில் போனது போனதுதான்.

அதனால் நான் சொல்வது இடிந்தே தீர வேண்டிய கட்டடத்தைப் பற்றி மட்டும். நிறுத்த முடிகிற வீட்டை மரத்துக்காகவும் தூணுக்காகவும் பிரிக்காதீர்கள். செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகள் அப்படித்தான் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கிற ஒவ்வொரு பர்மாத் தேக்குத் தூணுக்குப் பின்னாலும் ஒரு முற்றம் வெறுமையாகியிருக்கிறது. உங்கள் வீட்டை ஒரு தடவை நல்ல பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டீர்களா? சுவர் ஒரு பக்கம் மட்டும்தானே பிளந்திருக்கிறது?

31 மார்ச் 2024

காட்டிவிட்டீர்கள், அஸ்திவாரமே இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சரி. மனசு கஷ்டம்தான், ஆனால் சந்தேகம் தீர்ந்தது.

6 ஏப்ரல் 2024

பழைய நிலையைப் புது வீட்டுக்கு வைக்கக் கூடாது என்று உங்கள் அத்தை சொல்வது பற்றி. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பெரியப்பா ஒரே பிடிவாதம், "ஒரு வீட்டு நிலை இன்னொரு வீட்டுக்கு ஆகாதுடா". அம்மாதான் முடித்துவைத்தார். "இன்னொரு வீடு எங்கே வந்தது? அதே மனை, அதே குடும்பம். இந்த நிலையைத் தாண்டித்தான் நான் மருமகளா உள்ளே வந்தேன்" என்றார். பெரியப்பா அதற்கப்புறம் பேசவில்லை. கிரகப்பிரவேசத்தன்று நிலைக்கு மஞ்சள் பூசியது அவர்தான்.

வீட்டுப் பெரியவர்களின் மனசு சம்பந்தப்பட்டது இது, எதிர்த்துப் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தலைவாசல் வேண்டாம் என்றால் உள்ளறைக்கு வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மேசையாக்குங்கள்.

18 மே 2024

செலவுக் கணக்கு கேட்டீர்கள். செங்கல்லில் பெரிய மிச்சம் வந்தது என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்து கூட்டினேன். அது சரியில்லை.

19,000 கல்லில் சோதனையில் தேறியது 11,400. பிரித்த கூலி, சுத்தம் பண்ணிய கூலி, அடுக்கிய கூலி மூன்றையும் சேர்த்து வகுத்தால் ஒரு கல்லின் அடக்கம் அன்றைய புதுக்கல் விலையில் ரூபாய்க்கு ஒன்பதணா அளவுக்கு, பாதிக்குச் சற்று மேலேயே, வந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றரை மாதம் வேலை தள்ளிப்போனது, அந்த மாதங்களின் வீட்டு வாடகை. அதையும் சேர்த்தால் செங்கல்லில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. மிச்சம் வந்தது மரத்தில்தான். பதினொரு கதவு ஜன்னலுக்கும் புதுத் தேக்கு வாங்கியிருந்தால் நான் கடன்தான் வாங்கியிருக்க வேண்டும். தரையில் கிடந்த கடப்பாக் கல்லும் மிச்சம். தேய்ந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டோம், மேலே வந்த பக்கம் புதுசு மாதிரியே இருந்தது.

அப்படியென்றால் செங்கல்லை எதற்கு எடுப்பது? அந்தக் கூலி முழுக்க எங்கள் ஊர்ச் சித்தாள்கள் கைக்குப் போனது. 11,400 கல்லுக்கு வயல் மண்ணை வெட்டிச் சூளை போட வேண்டி வரவில்லை. எனக்கு இந்தக் காரணம் போதும். உங்களுக்குப் பணம் நெருக்கடி என்றால் மரத்தையும் ஓட்டையும் கடப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

22 ஜூன் 2024

மிச்சச் சுவருக்குச் சாம்பல் கல் போடுவதாகச் சொன்னீர்கள். நல்லது. அனல்மின் நிலையச் சாம்பல் அது. உங்கள் சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருந்தால் அதற்குள்ளும் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு சாம்பல்தான். இடிந்த வீட்டுக் கல் வேண்டாம் என்று சொல்கிற கொத்தனார் இந்தச் சிமெண்டைத் தினமும் குழைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரே சுவரில் பழைய கல்லையும் சாம்பல் கல்லையும் கலந்து கட்டாதீர்கள். அளவு வேறு, தண்ணீர் குடிக்கிற வேகம் வேறு. என் மாடிப்படிச் சுவரில் கல் பற்றாமல் மேலே நாலு வரிசை சாம்பல் கல் வைத்தோம். இரண்டும் சேர்கிற கோட்டில், ரசமட்டம் வைத்தது போல நேராக, பூச்சில் மயிரிழை விரிசல். இரண்டும் சேரும் இடம் தவிர்க்க முடியாது என்றால் அங்கே கோழி வலை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

பழைய கல்லைக் குளியலறை, தண்ணீர்த் தொட்டி, தரைக்குக் கீழே எங்கும் வேண்டாம். உள் தடுப்புச் சுவர், காம்பவுண்டு, திண்ணை, இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

30 நவம்பர் 2024

மழை இந்த வருடம் நன்றாகப் பெய்தது. பூஜையறைச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், தட்டு அளவுக்கு வெள்ளை பூத்திருக்கிறது. அது மேல் சுவர்க் கல்லால் கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். சுரண்டிப் பார்த்தேன். நாலைந்து கல் அடிக்குவியலிலிருந்து கலந்துவிட்டிருக்கிறது. இரண்டு குவியலையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டதுதான் தப்பு. நடுவில் குறைந்தது ஒரு வண்டி போகிற அளவு இடைவெளி விடுங்கள், அடிக்குவியல் மேல் சுண்ணாம்பைத் தெளித்து அடையாளம் வையுங்கள். அந்தக் கல்லைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதுக்கல் வைக்கப் போகிறேன். பூச்சுக்கு மேல் பெயிண்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

19 ஏப்ரல் 2025

இந்த மாதம் மத்திய அரசு புது விதிகளை அறிவித்திருக்கிறது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் தங்கள் கழிவு மறுபயன்பாட்டுக்குப் போவதற்குத் தாங்களே பொறுப்பு ஏற்க வேண்டும். நல்ல விஷயம். 2022 ஆகஸ்டில் நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தைச் சில விநாடியில் தகர்த்தபோது 80,000 டன் இடிபாடு என்று செய்தியில் சொன்னார்கள். அந்த மாதிரிக் கட்டடங்களுக்கு இது வேண்டும்தான். நம் ஊரில் வாய்க்கால் கரையில் கிடக்கிற ஒரு டிப்பர், இரண்டு டிப்பருக்கு இந்த விதி எட்டாது. தாலுகாவுக்கு ஒரு இடம், வேலி போட்டு, செங்கல் ஒரு பக்கம், கான்கிரீட் ஒரு பக்கம் என்று குவிக்கவும், மாதம் ஒரு தடவை உடைக்கும் இயந்திரம் வந்து போகவும் ஏற்பாடு செய்தால் போதும். எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

3 ஜூலை 2025

உங்கள் வீட்டுப் படம் பார்த்தேன். திண்ணைச் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டது நல்ல முடிவு. தாத்தா பெயரின் முதல் எழுத்து அச்சு வைத்த கல்லைக் கண்ணில் படுகிற உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், அது சூளைக்காரர் முத்திரையா, தாத்தாவே போடச் சொன்னதா?

என்னிடம் தேறிய கல் இன்னும் 1,100 போல மிச்சம் இருக்கிறது, கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். சீமை ஓடு 340, விரிசல் இல்லாதது. அணைக்கரை, ஜெயங்கொண்டம், திருப்பனந்தாள் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள். காசு வேண்டாம், ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் உங்களுடையது. ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துக்கொண்டால் நல்லது, கொட்டகைக்கூரையை அதற்குள் பிரிக்க வேண்டும்.